மதராஸ் வழியாக வந்த கரோலின் சிசம்

கிரவீனில் நண்பர் ஒருவர் பழைய நாணயங்களும் நோட்டுகளும் சேர்த்து வைத்திருக்கிறார். அவற்றில் ஓர் ஐந்து டாலர் காகித நோட்டு உண்டு. 1967இல் வெளிவந்து, 1992இல் பிளாஸ்டிக் நோட்டு வந்தபோது விடைபெற்றுக்கொண்ட நோட்டு அது. ஒரு பக்கம் தாவரவியல் அறிஞர் ஜோசப் பேங்க்ஸ், மறு பக்கம் ஓர் அம்மையார். இங்கிலாந்து அரசியாரை விட்டுவிட்டால், ஆஸ்திரேலிய நோட்டில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவர்தான். பெயர் கரோலின் சிசம். ஆங்கில எழுத்துகளைப் பார்த்துவிட்டு நான் வெகுநாள் சிஸ்ஹோல்ம் என்றே படித்துக்கொண்டிருந்தேன். அந்த நடு எழுத்துகளை இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

எண்பதுகளில் இங்கு வந்து சேர்ந்த நம்மவர்களின் சட்டைப்பையில் இந்த அம்மையார் தினமும் இருந்திருக்கிறார். ஆனால் அவர் சிட்னிக்கு வருவதற்கு முன் சென்னையில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பதும், அங்கேதான் தன் முதல் பொதுப்பணியைத் தொடங்கினார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சிட்னியில் இப்போது யார் வாயைத் திறந்தாலும் வீட்டு விலை, வாடகை, கட்டுப்படியாகும் வீடு என்ற பேச்சுதான். கட்டுப்படியாகும் என்றால் யாருக்குக் கட்டுப்படி என்று தேடிக்கொண்டு போனபோது, இதே ஊரில் 1841இல் அந்தக் கேள்வியோடு கவர்னர் மாளிகைக் கதவைத் தட்டிய இவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரில் 1808 மே 30 அன்று பிறந்தவர் கரோலின் ஜோன்ஸ். தந்தை வில்லியம் ஜோன்ஸ் பன்றி வியாபாரி. நான்கு முறை மணம் செய்துகொண்டவர். நான்காம் மனைவியின் கடைக்குட்டி கரோலின். சிறுமியாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். பட்டினி கிடந்த குடும்பம் அல்ல, ஆனால் பெரிய இடமும் அல்ல. 1830 டிசம்பரில் ஆர்ச்சிபால்ட் சிசம் என்ற ராணுவ அதிகாரியை மணந்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேவை செய்தவர், ஸ்காட்லாந்துக்காரர், கத்தோலிக்கர், மனைவியைவிடப் பல வயது மூத்தவர். திருமணத்துக்குச் சம்மதிக்கும் முன் கரோலின் ஒரு நிபந்தனை வைத்தார். பொதுக் காரியங்களில் தான் இறங்கினால் கணவர் குறுக்கே நிற்கக் கூடாது. ஆர்ச்சிபால்ட் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் கடைசிவரை அதைக் காப்பாற்றவும் செய்தார் என்பதால், இந்தக் கதையில் அவருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு மேலே போகலாம். கணவரின் மதத்துக்குக் கரோலினும் மாறினார். இது பின்னால் அவருக்கு நிறையத் தொல்லை கொடுத்தது.

1832இல் ஆர்ச்சிபால்ட் படைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு கரோலினும் சென்னைக்குக் கப்பலேறினார். அங்கே அவர் கண்ணில் முதலில் பட்டவர்கள் வெள்ளைச் சிப்பாய்களின் பெண்பிள்ளைகள். படைக் குடியிருப்பில் வளர்ந்து, படிப்பும் தொழிலும் இல்லாமல், பதின்ம வயதிலேயே எவனாவது ஒரு சிப்பாயின் கையில் போய்ச் சேரும் பிள்ளைகள். 1834இல் அவர்களுக்காக ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். எழுத்து, வாசிப்பு, சமயப் பாடம் இவற்றோடு சமையல், வீட்டுக் கணக்கு, நோயாளியைப் பார்த்துக்கொள்ளுதல் எல்லாம் அங்கே பாடம். ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பான கூரையும் கையில் ஒரு தொழிலும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்ற அவருடைய எண்ணம் சென்னையில்தான் உருவானது. சிட்னியில் அவர் செய்ததெல்லாம் இதன் விரிவுதான்.

ஆனால் பள்ளியின் பெயரிலேயே அது ஐரோப்பியச் சிப்பாய்களின் மகள்களுக்கு என்று எழுதியிருந்தது. கோட்டைக்கு வடக்கே இருந்த கருப்பர் நகரத்துப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. (அந்தக் கருப்பர் நகரம்தான் பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜார்ஜ் டவுன் ஆனது.) வேடிக்கை என்னவென்றால் கிரவீனிலிருந்து சில கிலோமீட்டரில் இன்றும் பிளாக்டவுன் என்றே ஒரு பெரிய புறநகர் இருக்கிறது. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்து வளர்த்த ஒரு நிறுவனத்தை 1823இல் பாரமட்டாவிலிருந்து அங்கே மாற்றினார்கள். ஊருக்கு அந்தப் பெயர் நிலைத்தது அதனால்தான். கரோலின் சிசம் இரண்டு கருப்பர் நகரங்களின் பக்கத்திலும் வாழ்ந்திருக்கிறார். இரண்டிலும் உள்ளே இருந்தவர்கள் அவருடைய திட்டங்களுக்குள் வரவில்லை.

1838இல் ஆர்ச்சிபால்டுக்கு உடல்நலம் குன்றியதால் இரண்டு ஆண்டு விடுப்புக் கிடைத்தது. இங்கிலாந்தின் குளிருக்குப் போவதைவிட ஆஸ்திரேலியா மேல் என்று முடிவு செய்து, சென்னையில் பிறந்த இரு மகன்களுடன் சிட்னிக்கு வந்தார்கள். நகரத்துக்கு வடமேற்கே, ஹாக்ஸ்பரி நதிக்கரையில் உள்ள வின்ட்சரில் குடியேறினார்கள். மூன்றாவது மகன் அங்கே பிறந்தான். 1840இல் கணவர் மீண்டும் படைக்குத் திரும்பினார். சீனாவில் அபினிப் போர் நடந்துகொண்டிருந்தது. மூன்று பிள்ளைகளோடு கரோலின் வின்ட்சரிலேயே தங்கிவிட்டார்.

அப்போதைய சிட்னி எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840இல் நின்றுபோனது. கைதிகளின் இலவச உழைப்பு போனதும், பண்ணை முதலாளிகளுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று முகவர்களுக்குத் தொகை கொடுத்துக் குடியேறிகளை வரவழைக்கும் திட்டம் நடைமுறையில் இருந்தது. 1841 ஒரே ஆண்டில் சுமார் 20,000 பேர் இப்படி வந்து இறங்கினார்கள். தலைக்கணக்கில் பணம் வாங்கும் முகவருக்கு ஆட்களைக் கப்பலேற்றுவதோடு வேலை முடிந்தது. இறங்கியவர் எங்கே படுப்பார், யார் வேலை கொடுப்பார் என்பது எவருடைய பொறுப்பும் இல்லை. அதே நேரத்தில் கம்பளி விலை விழுந்து பொருளாதாரம் சரியத் தொடங்கியிருந்தது. தனியாக வந்த பெண்கள் துறைமுகத்துப் பாறை மறைவிலும் பூங்காவிலும் தூங்கினார்கள். அவர்களுக்காகக் கப்பலடியிலேயே காத்திருந்தவர்கள் விபசார விடுதிக்காரர்கள்.

கரோலின் வின்ட்சரிலிருந்து சிட்னிக்கு வந்து போகும்போதெல்லாம் சில பெண்களைத் தன் வீட்டுக்கே அழைத்துச் சென்று தங்கவைத்து, தெரிந்த இடங்களில் வேலை தேடிக் கொடுத்தார். ஒரு வீட்டால் ஆகிற காரியம் அல்ல என்று விரைவில் புரிந்துவிட்டது. 1841 முழுக்க அலைந்தார். கவர்னர் ஜார்ஜ் கிப்ஸ் முதலில் மசியவில்லை. கண்ணாடியும் வெள்ளைத் தொப்பியும் போட்ட ஒரு கிழவி வந்து உபதேசம் செய்வாள் என்று எதிர்பார்த்தவர் முன், முப்பத்து மூன்று வயதான, நிமிர்ந்து நின்று புள்ளிவிவரம் பேசும் ஒரு பெண் வந்து நின்றார் என்பது கிப்ஸ் தானே பின்னால் சொன்ன கதை. கடைசியில் பென்ட் தெருவில் பாழடைந்து கிடந்த குடியேறிகள் விடுதியின் ஒரு பகுதியைத் தர இசைந்தார். அரசுக்கு ஒரு செலவும் வரக்கூடாது என்பது நிபந்தனை.

கரோலினுக்கு அங்கே கிடைத்த அறை ஏழடிக்கு ஏழடி சாமான் கிடங்கு. முதல் நாள் இரவு விளக்கை அணைத்ததும் எலிகள் மேலே ஓடின. எழுந்து மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தால் பதின்மூன்று எலிகள். ரொட்டியும் வெண்ணெயும் தண்ணீரும் வைத்துவிட்டு, விடிய விடியப் புத்தகம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த இரவு வைத்த ரொட்டியில் பாஷாணம் இருந்தது. அவருடைய வாழ்க்கையை எழுதிய எல்லோரும் இந்த எலிக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த விஷயத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். பிள்ளைகளை அங்கே வைத்துக்கொள்ள முடியாமல், வின்ட்சருக்கு வேலைக்காரியோடு அனுப்பிவைத்தார். வீடில்லாத பெண்களுக்கு வீடு நடத்துவதற்காகத் தன் வீட்டைக் கலைத்தார் என்பதை அவர் ஒரு தியாகமாகத்தான் நினைத்தார். பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

விடுதியில் ஒரு சமயம் 96 பெண்கள் வரை தங்கியிருக்கிறார்கள். ஆனால் இதை வெறும் விடுதி என்று பார்த்தால் கரோலினின் புத்திசாலித்தனம் பிடிபடாது. தங்குமிடத்தை ஒட்டியே கட்டணமில்லாத வேலைப்பதிவு அலுவலகம் ஒன்றைத் திறந்தார். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தம் எழுதினார், மூன்று பிரதி. ஒன்று முதலாளிக்கு, ஒன்று வேலைக்காரருக்கு, ஒன்று அலுவலகத்தில். கூலித் தகராறு வந்தால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருக்கவேண்டும் என்ற இந்தச் சாதாரண ஏற்பாடு அன்றைக்குப் பெரிய புதுமை.

சிட்னியில் ஆள் மிகுதி, வேலை இல்லை. உள்நாட்டுப் பண்ணைகளில் வேலை உண்டு, ஆள் இல்லை. இடையில் நூற்றுக்கணக்கான மைல் காடு. கறுப்பர்களும் தப்பியோடிய கைதிகளும் கொன்றுவிடுவார்கள் என்ற வதந்தியால் பெண்கள் போகப் பயந்தார்கள். எனவே கரோலின் தானே அழைத்துக்கொண்டு கிளம்பினார். மாட்டு வண்டிகளில் பெண்களும் குடும்பங்களும். முன்னால் வெள்ளைக் குதிரையில் அவர். அந்தக் குதிரைக்கு அவர் வைத்த பெயர் கேப்டன், சீனாவில் இருந்த கணவரின் பதவி! பாரமட்டா, லிவர்பூல், காம்ப்பெல்டவுன், கோல்பர்ன், யாஸ், வடக்கே மெயிட்லண்ட் என்று வழியெங்கும் பண்ணை பண்ணையாக ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டே போனார். வழியில் சாப்பாடும் தங்குமிடமும் பண்ணைக்காரர்களே கொடுத்தார்கள். இன்று நாம் வென்ட்வொர்த்வில்லிலிருந்தும் பென்டில்ஹில்லிலிருந்தும் காரில் ஏறி மளிகை சாமானுக்குப் போகும் கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலை வழியேதான் பாரமட்டாவைத் தாண்டி மேற்கே போகும் பழைய பாதையும் ஓடியது. 1846க்குள் சுமார் 11,000 பேருக்கு இப்படி வாழ்வு ஏற்படுத்திக் கொடுத்ததாக அவருடைய கணக்கு.

பெண்களைப் பண்ணைகளுக்கு அனுப்பியதில் இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே மணமாகாத ஆண்கள் நிறைய. நல்ல பெண்கள் போய்க் குடும்பம் அமைந்தால் காலனிக்கே ஒழுங்கு வரும் என்பது அவர் நம்பிக்கை. பெண் என்பவள் ஆணை ஒழுங்குபடுத்த வந்த காவல்காரி என்ற இந்தக் கருத்தைப் பெண்ணியவாதி ஆன் சம்மர்ஸ் 1975இல் எழுதிய புத்தகத்தில் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார். எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. ஆனால் பாறை மறைவில் தூங்கிக்கொண்டிருந்தவளுக்கு அன்று இருந்த வேறு வழிகளையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

எதிர்ப்பு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. கத்தோலிக்கப் பாதிரிமார் சிலருக்கு ஒரு பெண் இப்படி அலைவது பிடிக்கவில்லை. பிரஸ்பிடேரியன் பாதிரியார் ஜான் டன்மோர் லாங், ஐரிஷ் கத்தோலிக்கர்களைக் கொண்டு வந்து காலனியை ரோமுக்கு எழுதிக்கொடுக்கச் சதி நடக்கிறது என்று பத்திரிகைகளில் எழுதினார். கரோலினோ விடுதிக் கதவில் யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. இன்னார் வந்தால் ஊர் கெட்டுவிடும் என்ற குரலை இன்றும் நகராட்சிக் கூட்டங்களில் கேட்கலாம். பேசுகிறவர்களும் பேசப்படுகிறவர்களும் மட்டும் மாறியிருக்கிறார்கள். அடுத்த தெருவில் அடுக்குமாடி வரக்கூடாது என்று மனு எழுதுகிறவர்களில் இப்போது நம்மவர்களும் உண்டு.

வேலை கிடைத்தவர் கூலிக்காரராகவே இருந்துவிட்டால் போதுமா? கரோலின் போதாது என்றார். குடும்பத்துக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வேண்டும் என்றார். கதையின் மையமே இங்குதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நிலத்தின் விலை அன்று தானாக ஏறவில்லை, வேண்டுமென்றே ஏற்றப்பட்டது.

இதற்குப் பின்னால் ஒரு தத்துவம் இருந்தது. எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்பவர் ஒரு பணக்காரப் பெண்ணைக் கடத்திய குற்றத்துக்காக லண்டன் நியூகேட் சிறையில் இருந்தபோது, ஆஸ்திரேலியாவை எட்டிக்கூடப் பார்க்காமல், சிட்னியிலிருந்து கடிதம் எழுதுவது போல ஒரு நூல் எழுதினார் (1829). அவர் சொன்னதன் சாரம் இதுதான்: காலனியில் நிலம் மலிவாக இருந்தால் கூலியாள் உடனே நிலம் வாங்கிப் போய்விடுவான், பண்ணைக்கு ஆள் கிடைக்காது. ஆகவே போதுமான அளவு உயர்ந்த விலை வைக்கவேண்டும். லண்டன் இதைப் பிடித்துக்கொண்டது. 1831இல் ஏக்கருக்குக் குறைந்தபட்சம் 5 ஷில்லிங். சில ஆண்டுகளில் அது 12 ஷில்லிங் ஆனது. 1842இல் ஒரு பவுன். ஓர் ஆட்டிடையனின் வருடக் கூலியே சாப்பாடு போக இருபது பவுன் அளவில்தான் இருந்தது. அதே சமயம் உள்நாட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கரை வளைத்து ஆடு மேய்த்த பெரும்புள்ளிகளுக்கு 1836ஆம் ஆண்டுச் சட்டப்படி வருட உரிமக் கட்டணம் 10 பவுன்! ஒருவருக்கு நிலம் கட்டுப்படியாகாமல் இருப்பது இன்னொருவருக்குக் கட்டுப்படியாக இருந்தது. சந்தை, தேவை, அளிப்பு என்று இன்று நாம் பேசும்போது, விலையை யார் யார் எந்த எந்த விதிகளால் தூக்கி நிறுத்துகிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது இதைப் படித்த பிறகுதான்.

1843இல் வேலையற்றோர் நிலை பற்றி விசாரித்த சட்டசபைக் குழுவின் முன் கரோலின் தன் திட்டத்தை வைத்தார். நீண்ட கால குத்தகைக்குச் சிறு நிலங்கள். காட்டைத் திருத்தும் வரை வாடகையில் சலுகை. சபையில் பெரும்பண்ணைக்காரர்கள்தான் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தால் எங்களுக்கு யார் உழைப்பது என்பதுதான் அவர்களின் கவலை. அரசு நிலம் தரவில்லை. கப்பல் வணிகர் ராபர்ட் டவுன்ஸ் தன்னிடமிருந்த நிலத்தைத் தந்தார். சிட்னிக்குத் தெற்கே ஷெல்ஹார்பரில் 23 குடும்பங்களைக் கரோலின் குடியமர்த்தினார். எண்ணிக்கை சிறிது. ஆனால் செய்து காட்டமுடியும் என்பதற்கு அது சாட்சி.

இதே டவுன்ஸ்தான் இருபது ஆண்டு கழித்து, 1863இல், தன் குயின்ஸ்லாந்து பருத்தித் தோட்டத்துக்குப் பசிபிக் தீவுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். டவுன்ஸ்வில் நகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. வெள்ளை ஏழைக்கு நிலம், தீவுக்காரனுக்குத் தோட்டக் கொட்டகை. ஷெல்ஹார்பர் நிலமும் அதற்கு முன் வெறுமனே கிடந்த நிலமல்ல. தாராவல் மக்களின் மண். ஏழைக் குடும்பத்துக்குத் துண்டு நிலம் கேட்டுப் போராடியவரின் கணக்கில் அந்த மக்கள் எங்கும் வருவதில்லை. அன்றைய நல்லவர்களுக்கும் இது ஒரு பொதுவான குருட்டுப் புள்ளி என்று சொல்லலாம். சொல்லாமல் விட முடியாது.

1845இல் ஆர்ச்சிபால்ட் ஓய்வு பெற்று வந்து சேர்ந்தார். கணவனும் மனைவியுமாகக் காலனி முழுவதும் சுற்றி, குடியேறிகளிடம் நேரில் கேட்டு அறுநூறுக்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை எழுதிக்கொண்டார்கள். எங்கிருந்து வந்தாய், என்ன கூலி, என்ன சாப்பாடு, இப்போது என்ன வைத்திருக்கிறாய். இப்போதெல்லாம் இதற்கு ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. 1846இல் அந்தக் காகிதக் கட்டோடு லண்டன் போனார்கள். பிரபுக்கள் சபைக் குழுக்களின் முன் கரோலின் சாட்சி சொன்னார். விடுதலையான கைதிகளின் மனைவி மக்களை அரசு செலவில் அனுப்பிவைக்கவும், ஏழைத் தாய்தந்தையர் இங்கிலாந்தில் விட்டுவந்த குழந்தைகளைக் கொண்டுவந்து சேர்க்கவும் அவர் ஏற்பாடு செய்தார். விசாவுக்காக மனைவியையும் பிள்ளைகளையும் பிரிந்து வருடக்கணக்கில் காத்திருந்த நம் மக்களுக்கு இது என்ன பெரிய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை.

1849இல் அவர் தொடங்கிய குடும்பக் குடியேற்றக் கடன் சங்கம் அவருடைய திட்டங்களிலேயே கூர்மையானது. போக விரும்பும் குடும்பம் வாரா வாரம் சிறுகச் சேமிக்கவேண்டும். கப்பல் கட்டணத்தில் பெரும்பகுதி சேர்ந்ததும் மீதியைச் சங்கம் வட்டியில்லாமல் கடனாகக் கொடுக்கும். ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்த பின் தவணையாகத் திருப்பவேண்டும். லண்டன் இஸ்லிங்டனில் இருந்த அவர் வீட்டிலேயே கூட்டங்கள் நடந்தன. புறப்படும் குடும்பங்கள் ஒன்றையொன்று முன்பே அறிமுகம் செய்துகொள்ளும். தனியே போகும் பெண்களை ஒரு குடும்பம் பொறுப்பேற்கும். கப்பலில் காற்றோட்டம், மறைப்புள்ள படுக்கை எல்லாம் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆர்ச்சிபால்ட் முன்கூட்டியே ஆஸ்திரேலியா போய், கடன் வசூலையும் வேலை தேடிக் கொடுப்பதையும் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டார்.

இதே ஆண்டுகளில் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் நம் மக்கள் மன்னார் வழியாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் வழிச்செலவுக்குக் கடன் கிடைத்தது, கங்காணியிடமிருந்து. ஆனால் அந்தக் கடன் ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போடுவதற்காகவே கொடுக்கப்பட்டது. கடன் தீர்ந்தாலொழிய வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. தங்குவதற்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஓர் அறை. வேலையை விட்டால் அறையும் போய்விடும். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் ஒன்றுதான், கப்பல் கடன் என்ற ஏற்பாடும் ஒன்றுதான். ஒன்று கடனைத் தீர்த்துக்கொண்டு சொந்த நிலத்துக்குப் போவதற்கு, மற்றொன்று தீராமல் இருப்பதற்கு. அங்கே லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் சொந்தக் காணி என்பது கனவாகவே இருந்தது. மலையகத்திலிருந்து சிட்னி வந்த நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் சிரித்துக்கொள்கிறார்கள், அவ்வளவு சந்தோஷமான சிரிப்பல்ல.

சார்லஸ் டிக்கன்ஸ் கடன் சங்கத்தை ஆதரித்தார். 1850இல் தொடங்கிய தன் வார இதழின் முதல் இதழிலேயே குடியேறிகளின் கடிதங்களை கரோலினிடமிருந்து வாங்கி வெளியிட்டார். ஆனால் அவர் வீட்டுக்குப் போனபோது, பிள்ளைகளின் முகம் கழுவாமல் இருந்ததும் அவர் கண்ணில் பட்டது. சில ஆண்டுகளில் வந்த ப்ளீக் ஹவுஸ் நாவலில், ஆப்பிரிக்காவுக்கு உபகாரம் செய்வதிலேயே மூழ்கி வீட்டைக் கோட்டைவிடும் திருமதி ஜெல்லிபி என்ற பாத்திரத்தில் கரோலினின் சாயல் இருப்பதாகச் சொல்வார்கள். எழுத்தாளர்களை வீட்டுக்குள் விடக்கூடாது.

1854இல் கரோலின் மெல்பர்ன் வந்தபோது ஊரே தங்கப் பைத்தியம் பிடித்துக் கிடந்தது. வந்திறங்கியவர்களுக்குக் கூரை இல்லை. யாரா நதிக்குத் தெற்கே துணிக்கூடாரங்களால் ஒரு நகரமே முளைத்திருந்தது. கேன்வாஸ் டவுன் என்று பெயர். கூடாரம் அடித்த இடத்துக்கும் வாரம் 5 ஷில்லிங் வாடகை. ஆண்கள் சுரங்கத்துக்கு நடந்து போய்விட, பெண்டு பிள்ளைகள் பின்னால் தங்கிவிட்டார்கள். வழியில் இருந்த சத்திரங்கள் கேட்ட விலையில் ஒரு குடும்பம் போய்ச்சேர முடியாது. கரோலின் தானே சுரங்கப் பகுதிகளுக்குப் பயணம் செய்து பார்த்துவிட்டு, ஒரு நாள் நடைக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று கேட்டார். அரசு பணம் தந்தது. மெல்பர்னிலிருந்து காசில்மெய்ன் போகும் பாதையில் பத்துக் கொட்டகைகள் எழுந்தன. நம் ஊர்ச் சாலையோரச் சாவடிகள்தான். இராணி மங்கம்மாள் காலத்திலிருந்து மதுரைப் பக்கம் வழக்கத்தில் இருந்த ஒன்றை மதராஸ் மாகாணத்தில் வாழ்ந்துவிட்டு வந்தவர் அங்கே கட்டினார். அங்கே பார்த்ததால்தான் கட்டினார் என்று சொல்ல ஆதாரம் கிடையாது, எனக்கு ஆசை மட்டும் உண்டு. மெல்பர்ன் வாசகர்கள் கீலர் பக்கம் போனால் ஒரு கொட்டகை இருந்த இடத்தைப் பார்க்கலாம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடமாக இருக்கிறது.

பெண்கள் விடுதி, நிலக் குத்தகை, கடன் சங்கம், வழிக் கொட்டகை ஆகிய நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. கட்டுப்படியாகும் வீடு என்பது அவருக்கு ஒரே பொருளல்ல. ஆளுக்கும் கட்டத்துக்கும் ஏற்ப அது மாறியது. இன்றைய நியூ சவுத் வேல்ஸில் இந்தச் சொல்லுக்கு விதிப்புத்தகத்தில் ஒரு பொருள் உண்டு. அரசுக் குடியிருப்பு வேறு, இது வேறு. மிகக் குறைந்த வருமானம் முதல் நடுத்தர வருமானம் வரை உள்ளவர்களுக்குச் சந்தை வாடகையைவிடக் குறைவாகக் கொடுப்பது. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குப் போனால் நெருக்கடி என்பது பொதுவான அளவுகோல். கூடுதல் மாடிக்கு அனுமதி வாங்கும் கட்டுநர் சில வீடுகளை இப்படி ஒதுக்கவேண்டும். 2009 விதிகளில் 10 ஆண்டுகளுக்கு, 2021 விதிகளில் 15 ஆண்டுகளுக்கு. அதற்குப் பிறகு? அந்த வீடு சந்தைக்குப் போய்விடும், செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் அடுத்த புறநகருக்கு.

நான் முதன்முதலில் வெஸ்ட்மீட் பக்கம் வாடகை வீடு தேடியபோது, சனிக்கிழமை காலை ஒரு சின்ன வீட்டைப் பார்க்க முப்பது பேர் வரிசையில் நின்றோம். விண்ணப்பத்தில் இந்த நாட்டில் முன்பு குடியிருந்த வீட்டின் விவரம் கேட்டிருந்தார்கள். வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கையில் நல்ல வேலைக்கான கடிதம் இருந்த எனக்கே அன்று வீடு கிடைக்கவில்லை. அன்று என் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணுக்குக் கிடைத்ததா என்று தெரியாது. கப்பலடியில் நின்றவர்களிடமும் நற்சான்றிதழ் கேட்டார்கள் என்று படித்தபோது அந்த வரிசை நினைவுக்கு வந்தது.

கரோலினின் கடைசிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1857இல் கைனீட்டனில் கடை வைத்தார்கள். ஆர்ச்சிபால்ட் அங்கே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். சிறுநீரக நோய் கரோலினைப் படுக்கையில் தள்ளியதால் சிட்னிக்குத் திரும்பினார்கள். சற்றுத் தேறியதும் 1859 முதல் மேடையேறி, பூட்டிவைத்த நிலங்களைச் சிறு குடும்பங்களுக்குத் திறந்துவிடவேண்டும் என்று பேசினார். 1861இல் ஜான் ராபர்ட்சன் கொண்டுவந்த சட்டங்கள், 40 முதல் 320 ஏக்கர் வரை யாரும் தேர்ந்து, கால் பங்கு முன்பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றன. ஏக்கர் விலை அதே ஒரு பவுன். பினாமிப் பெயர்களில் பெரும்பண்ணைக்காரர்களே ஆற்றங்கரை நிலங்களைத் தேர்ந்துகொண்ட கதை இந்த நாட்டு வரலாற்றுப் புத்தகங்களில் விரிவாக இருக்கிறது. பினாமி நமக்குப் புதிய சொல்லா என்ன.

1862இல் நியூடவுனில் பெண்களுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அது டெம்பிக்கு மாறியது. சென்னையில் ஆரம்பித்த வேலைக்கே, இம்முறை பிழைப்புக்காக, திரும்பி வந்திருந்தார். தன் திட்டங்கள் எதற்கும் அவர் சம்பளம் வாங்கியதில்லை. வந்த நன்கொடைகளும் கரைந்துவிட்டன. 1866இல் இங்கிலாந்து திரும்பினார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு வருடத்துக்கு 100 பவுன் ஓய்வூதியம் கொடுத்தது. லண்டனில் எளிய குடியிருப்புகளில், பெரும்பாலும் படுக்கையிலேயே, பத்தாண்டுகள் ஓடின.

1877 மார்ச் 25 அன்று ஃபுல்ஹாமில் இறந்தார். பத்திரிகைகள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. உடலை அவர் பிறந்த நார்தாம்ப்டனுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆர்ச்சிபால்டும் இறந்தார். தனிக் குழி தோண்டவில்லை. மனைவியின் கல்லறையிலேயே அவருக்கும் இடம். கல்லில் கரோலினின் பெயருக்குக் கீழே, குடியேறியவர்களின் தோழி என்று பொறித்திருக்கிறார்கள்.